ஒன்பதாம் விதியும் ஒற்றைச் செருப்பும்

பெண்கள் விடுதியின் வரவேற்பறையில் பார்ப்பதற்கு ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. எதிர்ச் சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்ற விதிப் பலகை. கறுப்பு மரத்தில் வெள்ளை எழுத்து. மேலே 'விடுதி விதிகள்' என்று பெரிதாகத் தொடங்கி, கீழே போகப் போக எழுத்து சிறுத்து, கடைசி விதியை மண்டியிட்டால்தான் வாசிக்க முடியும் என்ற அளவுக்குத் தரையை நெருங்கியிருந்தது. இனி புதிதாக ஒரு குற்றம் பிறந்தால் தரையில்தான் எழுத வேண்டும்.

"பதினெட்டாவது படிச்சீங்களா அண்ணி?" என்றான் கொழுந்தன். "சிரிப்புச் சத்தம் அடுத்த ரூமுக்குக் கேக்கக் கூடாதாம். அழுகைக்குத் தடை இல்ல. அது எவ்வளவு வேணும்னாலும் அழுதுக்கலாம்."

"தம்பி, வாயை மூடிக்கிட்டு வா," என்றார் அண்ணி.

துப்பறியும் அலுவலகம் என்று வாசலில் எழுதி மாட்டிவிட்டுப் பல வருடங்களாகத் தொழில் நடத்தும் பெண்மணி அவர். கணவரின் தம்பியை உதவிக்கு வைத்துக்கொண்டது ஒன்றுதான் அவர் செய்த தவறு. அவன் ஓயாமல் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டதில் போலீஸ்காரர்கள், கட்சிக்காரர்கள், மாட்டிக்கொண்ட திருடர்கள் எல்லோருக்குமே அவர் அண்ணியாகிப் போனார்.

காலையில் ஒரு தாய் அவரைத் தேடி வந்திருந்தாள். மகள் பிசியோதெரபி கடைசி வருடம். இரவில் சுவர் ஏறிக் குதித்து வெளியே போனதாகச் சொல்லி விடுதியை விட்டு அனுப்புகிறார்கள். நாலு மணிக்கு அப்பா போய் அழைத்து வந்துவிடுவார். வந்துவிட்டால் அடுத்த வாரம் நடக்கப்போகும் இறுதிப் பரீட்சை இல்லை, படிப்பு இல்லை. அடுத்த மாதமே அத்தை மகனோடு கல்யாணம்.

"என் பொண்ணு போகலைம்மா," என்றாள் அந்தத் தாய். "ஆனா எங்க வீட்டுல நான் சொல்றது சாட்சியில சேராது."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அண்ணி கிளம்பி வந்தார்.

வார்டனின் அறை வரவேற்பறையை ஒட்டியே இருந்தது. வார்டன் மேஜையில் ஒரு தூசிகூட இல்லை. பேனாக்கள் உயர வரிசைப்படி நின்றன. மாணவிகள் அவருக்கு வைத்திருந்த பெயர் பலகையம்மா. அது அவருக்குத் தெரியும் என்பதும், உள்ளூர அதில் அவருக்குப் பெருமை உண்டு என்பதும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த தோரணையிலேயே தெரிந்தது.

"பன்னெண்டாம் விதி," என்றார் வார்டன். "கேட் பூட்டின பிறகு வெளிய போனா வெளியேற்றம். விசாரணை கிடையாது."

"விசாரிக்காம அவ போனான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் அண்ணி.

"போனதாலதானே பன்னெண்டாம் விதி வருது?"

"வட்டமா, அழகா இருக்கு," என்றான் கொழுந்தன். "எங்க தொட்டாலும் இடிக்கல."

வார்டன் அவனைப் பார்த்த பார்வையில் அவனுக்கென்றே ஒரு புது விதி தயாராகிக்கொண்டிருந்தது. "அறைத் தோழி என்ன சொல்றா?" என்றார் அண்ணி.

"ராத்திரி முழுக்க ரூம்லதான் இருந்தான்னு சொல்றா. அறைத் தோழியோட வாக்குமூலம் செல்லாது. இருபத்திரண்டாம் விதி."

"அப்ப போனான்னு சொல்றதுக்கு என்ன இருக்கு?"

வார்டன் பீரோவைத் திறந்து அரக்கு வைத்து ஒட்டிய ஒரு உறையை எடுத்தார். அரக்கை உடைக்க அவருக்கு மனமே வரவில்லை. உள்ளே ஒரு பழுப்பு நிறச் செருப்பு. புதிது. இடது கால். அதன் அடிப்பாகத்தை மேலே திருப்பி, அங்கே வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்த அறை எண்ணைக் காட்டினார்.

"பின்னால சந்துல, சுவரை ஒட்டிக் கிடந்துச்சு. காலைல வாட்ச்மேன் எடுத்துட்டு வந்தார். குதிக்கும்போது கழண்டு விழுந்திருக்கு. ஒன்பதாம் விதிப்படி எல்லாரும் செருப்பை இந்த வரவேற்பு ஹால்ல இருக்கிற அடுக்குல விட்டுட்டுத்தான் மேல போகணும். எட்டு மணிக்கு ஹாலை நானே பூட்டறேன். அப்படின்னா அதுக்கு முன்னாடியே இவ செருப்பை மேல தூக்கிட்டுப் போயிருக்கா. ஆக ரெண்டு மீறல்."

"இதை யார்கிட்டல்லாம் காட்டினீங்க?"

"யார்கிட்டயும் இல்ல. அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் அடியில இருந்த நம்பரைக் காட்டினேன். அப்பாவுக்குப் போன்ல 'செருப்பு கிடைச்சிருக்கு'ன்னேன். அது போதும்."

"நான் அவளைப் பாக்கணும்."

"நீங்க போகலாம். இவர் போக முடியாது. ஆண்கள் வரவேற்பறையைத் தாண்டக் கூடாது."

"எத்தனாவது விதிங்க?" என்று பணிவாகக் கேட்டான் கொழுந்தன்.

"மூணு."

"முதல் அஞ்சுக்குள்ள வந்துட்டோம். எங்க வீட்டுல கூட எனக்கு இவ்வளவு முக்கியத்துவம் இல்ல."

அவனை வரவேற்பறை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அண்ணி மாடியேறினார். பெஞ்சின் ஒரு பக்கம் வாசல். மறுபக்கம், கை நீட்டினால் எட்டும் தூரத்தில், செருப்பு அடுக்கு.

அந்தப் பெண் அழவில்லை. பெட்டியைக் கட்டிலில் விரித்து வைத்து, துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அறைத் தோழிதான் அழுது முடித்த முகத்தோடு, அவள் அடுக்கிய துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமலே இதைச் செய்துகொண்டிருந்ததால் பெட்டி நிறையவும் இல்லை, காலியாகவும் இல்லை.

"உங்க அம்மா அனுப்பினாங்க," என்றார் அண்ணி.

அப்போதுதான் அவள் கை நின்றது. "அம்மாவா? அப்பாவுக்குத் தெரியாமயா?"

"தெரிஞ்சா அனுப்பியிருக்க முடியுமா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "வார்டன் என்கிட்ட கேட்டது ஒரே கேள்வி. இது உன் ரூம் செருப்பான்னாங்க. ஆமான்னேன். விசாரணை முடிஞ்சுது. அப்பா அதுகூட கேக்கல. பெட்டியைக் கட்டி வைன்னு சொன்னதோட சரி."

மேஜை மேல் ஆப்பிள்கள் உருண்டு கிடந்தன. தட்டும் இல்லை, கூடையும் இல்லை.

"யார் கொடுத்தது?"

"அத்தான். நேத்து சாயங்காலம் பாக்கறதுக்கு வந்தாங்க. இந்தச் செருப்புகூட போன மாசம் அவங்க வாங்கிக் கொடுத்ததுதான்." 'அத்தான்' என்ற சொல்லை அவள் பல்லில் மாட்டிய நாரைப் போல வெளியே தள்ளினாள். "கல்யாணத் தேதி குறிக்கலாமான்னு கேட்டாங்க. பரீட்சை முடியட்டும், அப்புறம் வேலைக்குப் போறேன், அதுக்கப்புறமும் உங்களைக் கட்டிக்கணும்னு எனக்குத் தோணலன்னு சொல்லிட்டேன்."

"கோவிச்சுக்கிட்டாரா?"

"சிரிச்சாங்க. நல்லா படின்னு சொன்னாங்க. பையில இருந்த ஆப்பிளை எல்லாம் என் துப்பட்டாவுல கொட்டிட்டு, பையை மட்டும் திருப்பி வாங்கிக்கிட்டாங்க."

"பையையா?"

"துணிப்பை. அவ்வளவு ஒண்ணும் நல்ல பைகூட இல்ல."

அந்த நேரம் அண்ணியின் கைபேசி அதிர்ந்தது. கீழேயிருந்து கொழுந்தன் எழுதியிருந்தான்: *அண்ணி, இந்த அடுக்குல இருக்கிறது பூரா இடது கால். இந்த ஹாஸ்டல் பொண்ணுங்க எல்லாரும் வலது காலை வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டாங்களா?*

அண்ணி அதை அறைத் தோழியிடம் காட்டினார். அவள் முகம் முதலில் வெளிறியது. பிறகு கட்டிலுக்கு அடியில் கையை விட்டு, ஒரு பிளாஸ்டிக் வாளியை இழுத்தாள். வாளிக்குள் இரண்டு செருப்புகள். ஒன்று அவளுடையது, இன்னொன்று பழுப்பு நிறம். இரண்டுமே வலது.

"அடுக்கு வாசல் பக்கத்துல இருக்கு மேடம். வர்றவன் போறவன் எல்லாம் மாட்டிக்கிட்டுப் போயிடறான். எங்கள்ல பாதிப் பேருக்குச் செருப்பு போச்சு. வார்டன்கிட்ட கம்ப்ளெயிண்ட் கொடுத்தோம். உடனே நடவடிக்கை எடுத்தாங்க."

"என்ன பண்ணாங்க?"

"பலகையில ஒரு விதி சேர்த்தாங்க. காலணி காணாமல் போனால் நிர்வாகம் பொறுப்பல்லன்னு."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. பதினெட்டாம் விதியை நினைத்து அடக்கிக்கொண்டார்.

"அப்புறம்தான் இந்த ஏற்பாடு. இடது கீழ, வலது மேல. பைக்குள்ள போட்டு மேல கொண்டுவந்துடுவோம். ஒத்தச் செருப்பைத் திருடி எவன் என்ன பண்ணப்போறான்? இப்ப எல்லா ரூம்லயும் இப்படித்தான்."

"வார்டனுக்குத் தெரியாதா?"

"குனிஞ்சு பாத்தாத்தானே தெரியும்? கதவுகிட்ட நின்னு, அடுக்கு நிறைஞ்சிருக்கான்னு மட்டும் பாப்பாங்க."

அண்ணி அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "ராத்திரி ஹால் பூட்டினப்புறம் உன்கிட்ட இருந்தது இந்த வலது செருப்பு மட்டும்தான். இதை ஏன் நீ சொல்லல?"

"சொன்னா ஹாஸ்டல் மொத்தமும் ஒன்பதாம் விதியில மாட்டும்." அவள் மறுபடி மடிக்கத் தொடங்கினாள். "போறது நான் ஒருத்தியாவே இருந்துட்டுப் போறேன்."

அண்ணி அந்தப் பழுப்பு நிற வலது செருப்பை எடுத்தார். அதன் அடியிலும் அதே அறை எண். காகிதத்தில் சுற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, "பெட்டியை மூடாதே," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

கீழே அப்பா வந்துவிட்டிருந்தார். பேக்கரி நடத்துகிறவர். அவசரத்தில் கிளம்பியதால் முழங்கையில் மாவு ஒட்டியிருந்தது. முகத்தை யாருக்கும் காட்ட விரும்பாதவர் போலத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரோடு வந்திருந்த அத்தை மகன் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். அவன் முகத்தை எல்லோருக்கும் காட்ட விரும்பினான். பளபளவென்றிருந்த தன் ஷூக்களைக் கழற்றி, அடுக்கில் இரண்டும் ஒரே கோட்டில் நிற்கும்படி வைத்தான். விதிகளை மதிக்கிற பிள்ளை என்று வார்டனின் முகம் மலர்ந்தது.

"மாமா, தலையை நிமிர்த்துங்க," என்றான் அவன், எல்லோருக்கும் கேட்கும்படி. "சின்னப் பொண்ணு, ஏதோ தப்புப் பண்ணிட்டா. யார் என்ன பேசினாலும் நான் இருக்கேன். அவளை நான் கட்டிக்கிறேன்."

"பெரிய மனசு," என்று அண்ணியின் காதருகே முணுமுணுத்தான் கொழுந்தன். "பிரீமியம்கூட கேக்கல."

"தம்பி, அந்தப் பெஞ்சுல உக்காந்து கை நீட்டினா அடுக்கு எட்டுதா?"

"தாராளமா. பூட்டற நேரம் வரைக்கும் பாக்க வர்றவங்க எல்லாரும் அங்கதான் உக்காருவாங்களாம். படிக்க வேற ஒண்ணும் இல்லாததால பலகையை மனப்பாடம் பண்ணிடுவாங்களாம்."

"பன்னெண்டாம் விதி உட்பட," என்றார் அண்ணி.

எல்லோரும் வார்டனின் அறைக்குள் போனார்கள். அந்தப் பெண்ணை வரவழைத்தார்கள். மற்ற மாணவிகள் மாடிப்படியில் கூட்டமாக வந்து நின்றார்கள். விருந்தினர் இருக்கும்போது கடைசிப் படியைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதனால் கடைசிப் படி வரை நின்றார்கள். வார்டன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு காகிதத்தை எடுத்தபோது அண்ணி குறுக்கிட்டார்.

"ஒரு நிமிஷம். இந்தப் பொண்ணு குதிக்கலன்னு நான் நிரூபிச்சிட்டேன்."

கைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, செருப்பை மேஜை மேல் வைத்தார். அடிப்பாகத்தைத் திருப்பி எண்ணை வார்டனிடம் காட்டினார். "சந்துல கிடைச்ச செருப்பு. நம்பர் சரிதானே?"

வார்டன் எண்ணைப் பார்த்தார். எண் சரியாக இருந்தது. தன் பீரோவிலிருந்து அது எப்படி வெளியே வந்தது என்ற கேள்விகூட அவருக்குத் தோன்றவில்லை. தலையசைத்தார்.

கொழுந்தன் வாயைத் திறந்தான். அண்ணி அவன் காலை மிதித்தார். மூடிக்கொண்டான்.

"பாருங்க," என்று அண்ணி அப்பாவிடம் விளக்கத் தொடங்கினார். "இது வலது கால் செருப்பு. அந்தச் சுவருக்கு உள்பக்கம் மரம் இடதுகைப் பக்கம் இருக்கு. மரத்தைப் பிடிச்சு ஏறினா வலது கால் கடைசி வரைக்கும் உள்பக்கம்தான் இருக்கும். அப்ப வலது செருப்பு கழண்டா உள்ளதான் விழணும், சந்துல விழ முடியாது. இதை வேற யாரோ போட்டிருக்காங்க. உங்க பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்ல."

சுத்த உளறல். ஆனால் நிதானமான குரலில் சொல்லப்பட்ட உளறல். அப்பாவின் தலை மெல்ல நிமிர்ந்தது. கண்ணில் ஏதோ ஒன்று துளிர்த்தது. இன்சூரன்ஸ்காரன் அதைப் பார்த்தான். பிடித்து வைத்திருந்த ஆள் கை நழுவிப் போவதைப் பார்க்கிற ஏஜெண்டின் பதற்றம் அவன் முகத்தில் வந்து போனது.

"மேடம், மன்னிக்கணும்," என்றான் புன்னகையோடு. "நீங்க ஏதோ மாத்தி எடுத்துட்டு வந்திருக்கீங்க. சந்துல கிடந்தது இடது கால் செருப்புதானே? அப்ப உங்க கணக்கு அடிபட்டுப் போகுதே."

அண்ணி அவன் பக்கம் திரும்பினார்.

"இடதா?" என்றார் அண்ணி. "வார்டன், நீங்க இவர்கிட்ட சொன்னீங்களா?"

"நான் செருப்புன்னு மட்டும்தானே சொன்னேன்," என்றார் வார்டன். பீரோவைத் திறந்தார். உறையிலிருந்த செருப்பை எடுத்துத் தன் காலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். காலையிலிருந்து தான் பூட்டிப் பாதுகாத்த ஆதாரம் எந்தக் கால் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. "இடதுதான்," என்றார், சின்னக் குரலில்.

"மாமா சொன்னாங்க," என்றான் அவன்.

"எனக்கே தெரியாதேடா," என்றார் பேக்கரிக்காரர்.

"அப்ப... ஒரு ஊகம்தான். ரெண்டுல ஒண்ணு."

"உங்களுக்கு ரெண்டு எங்கே இருந்துச்சு?" என்றார் அண்ணி. "நேத்து அந்த அடுக்குல இருந்தது இடது மட்டும்தான். இன்னிக்கும் அப்படித்தான். ஜோடி எங்கேயோ ஒதுங்கியிருக்குன்னு நினைச்சு, கிடைச்சதை எடுத்தீங்க. நீங்களே வாங்கிக் கொடுத்ததாச்சே, அடையாளம் தெரியாமலா போகும்? கையில எடுத்துட்டுப் போக முடியாது. அதனால ஆப்பிளைக் கொட்டிட்டுப் பையை வாங்கிக்கிட்டீங்க. சந்துல போட்டீங்க. மீதி வேலையைப் பலகை பாத்துக்கும்னு உங்களுக்குத் தெரியும். விசாரணை இல்லாத விதியை விட வசதியான கூட்டாளி யாரு?"

அவன் சிரிக்கப் பார்த்தான். அது பாதியில் நின்று, முகம் வேறொன்றாக மாறியது. "நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? எப்படியும் கட்டிக்கப் போறவன் நான். வீட்டுக்கு வந்திருப்பா, ரெண்டு நாள் அழுதிருப்பா, அப்புறம் எனக்கு நன்றியோட இருந்திருப்பா. அவ நல்லதுக்குத்தான்..."

"என் பேரைக் கெடுத்துட்டு, என்னை மன்னிக்கவும் வந்தீங்களா அத்தான்?" என்றாள் அந்தப் பெண். குரலில் கோபம்கூட இல்லை. செருப்படியில் ஒட்டியதைப் பார்ப்பது போல அவனைப் பார்த்தாள். "நேத்து கட்டிக்கத் தோணலன்னு சொன்னேன். அது மரியாதைக்குச் சொன்னது."

வார்டன் அதற்குள் தன் அதிர்ச்சியிலிருந்து மீண்டு, வேறொரு அதிர்ச்சிக்குப் போயிருந்தார். "இடது மட்டும்தான்னா? அப்ப எல்லாரும் ஒன்பதாம் விதியை..."

"ஆமா, எல்லாரும்," என்றான் கொழுந்தன். "மொத்தப் பேரையும் வெளியேத்திடுங்க. அப்புறம் காலி ஹாஸ்டலுக்கு வார்டன் எதுக்குன்னு மேலிடத்துல கேப்பாங்க. அதுக்கும் ஒரு விதி யோசிச்சு வைங்க."

வார்டன் உட்கார்ந்தார். "வெளியேற்ற உத்தரவை ரத்து பண்றதுக்கு விதியில வழி இல்லையே," என்றார் பரிதாபமாக.

"எழுதிக்குங்க," என்றார் அண்ணி. "இடம் இல்லன்னா பன்னெண்டை அழிச்சுட்டு எழுதுங்க."

வார்டன் மேஜையிலிருந்த காகிதத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, இரண்டாகக் கிழித்தார். கிழித்ததும் நேராகத்தான் கிழிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

பேக்கரிக்காரர் மகளை நோக்கி ஓர் அடி வைத்து நின்றார். முழங்கையிலிருந்த மாவைத் தட்டினார். மறுபடி தட்டினார். "பரீட்சை என்னிக்கு ஆரம்பிக்குது?" என்று கேட்டார்.

"திங்கக்கிழமை."

"பெட்டி கட்டிட்டியா?"

"அவ விடலப்பா. நான் வைக்க வைக்க எடுத்துட்டா."

"நல்ல பொண்ணு," என்றார் அவர், யாரைச் சொன்னார் என்று தெரியாமல். பிறகு, "ஒரு வார்த்தை உன்னைக் கேட்டிருக்கணும்," என்றார்.

"ஆமாப்பா. கேட்டிருக்கணும்," என்றாள் அவள். விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அவர் முழங்கையில் மிச்சமிருந்த மாவைத் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள்.

"மாமா, கிளம்பலாமா?" என்றான் அத்தை மகன்.

"நீ பஸ்ல போ," என்றார் பேக்கரிக்காரர், திரும்பிப் பார்க்காமல். "உங்க அம்மாகிட்ட நானே பேசிக்கிறேன்."

அவன் வரவேற்பறைக்கு வந்தான். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். மாடிப்படியில் மாணவிகள் அப்படியே நின்றிருந்தார்கள், கடைசிப் படியைத் தாண்டாமல், கைகளைக் கட்டிக்கொண்டு. அறைத் தோழி மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவன் அடுக்கில் குனிந்தான். வலது ஷூ பளபளவென்று அதே கோட்டில் நின்றது. பக்கத்தில் இருந்ததைக் காணவில்லை.

பெஞ்சுக்கு அடியில் பார்த்தான். அடுக்கின் ஒவ்வொரு தட்டிலும் கையை விட்டுத் துழாவினான். இடது செருப்புகளாக வந்தன. அவன் ஷூ வரவில்லை.

"என் ஷூ எங்கே?" என்றான், வார்டனைப் பார்த்து. "இது என்ன ஹாஸ்டலா, வேற ஏதாவதா? ஒரு ஒழுங்கு வேண்டாம்?"

வார்டனின் கண்கள் பழக்கத்தால் தானாகவே பலகையை நோக்கிப் போயின. மேலிருந்து கீழே இறங்கி, தரைக்கு அருகில் போய் நின்றன. பிறகு அவர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கொழுந்தன்தான் உதவிக்கு வந்தான். பலகையின் முன்னால் மண்டியிட்டு, கடைசி வரியின் மேல் விரலை வைத்து, சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்வது போல நிறுத்தி நிறுத்தி வாசித்தான்.

"காலணி. காணாமல். போனால். நிர்வாகம். பொறுப்பல்ல."

அத்தை மகன் ஒற்றை ஷூவை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினான். சிமெண்டுத் தரையில் ஒரு கால் டக்கென்றது, மறுகால் சத்தமில்லாமல் விழுந்தது. கேட் வரைக்கும் அப்படியே போனான்.

அவன் தெருவில் திரும்பிய பிறகுதான் மாடிப்படி வாய் திறந்தது. அந்தச் சிரிப்பு அடுத்த ரூமுக்கும் கேட்டது, அதற்கடுத்த ரூமுக்கும் கேட்டது. சாத்திய கதவுக்குப் பின்னால் வார்டனுக்கும் கேட்டிருக்கும். யாரும் விதி எண்ணைச் சொல்லி அதட்டவில்லை.